பதினோராவது ஆளுக்கு ஒரு கட்டில்

பதினோரு பேர் என்று சொன்னதும் லாட்ஜ் மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னை ஒருமுறை பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேனைச் சுற்றி, சாரலில் நனைந்தும் நனையாமலும் நின்றுகொண்டிருந்த என் சனத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பத்துப் பேருக்குச் சரியா இருக்கு சார். ஒரு ஃபேமிலி ரூம், ரெண்டு டபுள் ரூம். பதினோராவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் போட்டுருவோம். எக்ஸ்ட்ரா பெட் யாருக்கு?"

அதற்குள் எல்லோரும் உள்ளே வந்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் யாரும் யோசிக்கவேயில்லை. அண்ணன், மதினி, என் மனைவி, தங்கை, நான், பிள்ளைகள்கூட, எல்லோரும் ஒரே நேரத்தில் அக்காவைத்தான் காட்டினோம். அக்கா தோளில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த அருவிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன வருஷத்து ஆடி மாதம் அது. இப்போது நினைத்தால் அந்த நாள் முழுக்க ஒரு புகைக்குள் நடந்தது மாதிரி இருக்கிறது. வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. மலை இருக்கும், அடுத்த நிமிஷம் இருக்காது. எந்த லாட்ஜுக்குப் பிறகு எந்த லாட்ஜுக்குப் போனோம் என்பதுகூட எனக்குக் கலங்கித்தான் தெரிகிறது. ஆனால் அந்த விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் நீண்டது மட்டும் துடைத்து வைத்த கண்ணாடி போலத் தெரிகிறது.

அக்கா எங்களில் மூத்தவள். இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் டீச்சராக இருந்து, அந்த மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றிருந்தாள். தென்காசியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் போலீஸில் இருக்கிறான். அவனுக்கும் மதினிக்கும் இரண்டு பெண்கள், இரண்டு பேரும் காலேஜில் படிக்கிறார்கள். நான் சென்னையில், மனைவி, ஒரு மகன். தங்கை திருச்சியில், அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு மகன். கூட்டினால் பத்து. அக்காவோடு பதினொன்று. செல்போனில் ரூம் பிடிக்கப்போனால் இந்தப் பதினொன்று எங்கேயும் அடங்கவில்லை. புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்றால் அந்த இணையதளத்துக்குப் புரிகிறது. அக்கா என்று ஒருத்தி இருப்பதை அதற்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தென்காசிக்காரன் குற்றாலத்தில் ரூம் போடுகிறான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். பஸ் ஏறினால் கால் மணி நேரம். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுகிற தூரம். ஆனால் ஓய்வு பெறுகிற அன்று, உனக்கு என்ன வேணும்க்கா, தங்க வளையலா, காசி யாத்திரையா என்று நாங்கள் போனில் மாறி மாறிக் கேட்டபோது அவள் சொன்னாள்: "குற்றாலத்துல தங்கிப் பாக்கணும்லே. இத்தன வருசம் இங்கன இருந்து ஒரு நா தங்குனதில்ல."

உண்மைதான். அவள் வகுப்பறை ஜன்னலிலிருந்து மலை தெரியும். நல்ல சாரல் நாளில் அருவி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். தண்ணி விழுதா டீச்சர் என்று மற்ற வாத்தியார்கள் அவளிடம்தான் கேட்பார்களாம். அவள் எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகு அவர்கள் சாயங்காலம் குளிக்கப் போவார்கள். அவள் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வருவாள்.

எங்கள் வீட்டில் அக்காவுக்கென்று ஒரு கட்டில் இருந்ததில்லை. இதை நான் அந்த லாட்ஜில் நின்றபோதுதான் முதல்முதலாக நினைத்தேன் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்கு மூச்சிழுப்பு. அதனால் சின்ன வயதிலிருந்தே அம்மா பக்கத்தில் படுத்தாள். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஆறு வருஷம் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். இருவரும் போன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் பிள்ளைகளின் கட்டிலில் ஓர் ஓரம் அவளுக்கு. லீவுக்கு நாங்கள் எல்லாம் வந்து இறங்கினால் அந்த ஓரமும் போய்விடும், சமையற்கட்டு வாசலில் ஒரு ஜமுக்காளம். எந்தப் பிள்ளை ராத்திரி அழுதாலும் முதலில் எழுவது அவள்தான். "அக்கா பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு நாங்கள் திரும்பிப் படுத்துக்கொள்வோம். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பது பெரிய கதையில்லை. வந்த இரண்டு மூன்று இடங்களும் அப்பா படுக்கையில் கிடந்த வருஷங்களில் வந்தன. பிறகு யாரும் வரவில்லை. நாங்களும் தேடவில்லை.

லாட்ஜில் அந்த எக்ஸ்ட்ரா பெட்டை எந்த ரூமில் போடுவது என்று அடுத்த சண்டை ஆரம்பித்தது. அன்புச் சண்டைதான். "பெரியம்மா எங்க ரூம்ல" என்றான் தங்கை மகன். "அத்தை இல்லாம எங்களுக்குத் தூக்கம் வராது" என்றார்கள் அண்ணன் பெண்கள். என் மனைவியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளாளுக்கு அக்காவின் ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் தலையாட்டினாள். பிறகு மேஜையின் அருகே போய், தாழ்ந்த குரலில் மேனேஜரிடம் கேட்டாள்.

"எனக்குன்னு ஒரு சின்ன ரூம் கெடைக்குமா தம்பி? ஒத்த ரூம்?"

"சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்கதில்லம்மா."

"குடும்பத்தோடதான வந்திருக்கேன்."

"அது சரிதாம்மா. ரெஜிஸ்டர்ல உங்க பேரு தனியால்லா வரும்? ஓனர் சத்தம் போடுவாரு. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் கேட்டது ஒரு வார்த்தை விடாமல் என் காதில் விழுந்தது. ஆதார் நகல்களை அடுக்குகிறவன் போல் குனிந்துகொண்டேன். அண்ணன் காதிலும் விழுந்துவிட்டது. அவனுக்குக் கோபம் வந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை.

"எங்க அக்கா எதுக்குவே தனியாப் படுக்கணும்? நாங்க இத்தன பேரு இருக்கோம்லா?" என்று மேனேஜரைப் பார்த்துக் கேட்டான், என்னவோ அந்த ஆள்தான் தனி ரூம் கேட்ட மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினான். "ஏலே, இந்த ரூம் எல்லாம் வேண்டாம். ஆளுக்கு ஒரு பெட்டிக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா அக்காவுக்குச் சங்கடமாத்தான் இருக்கும். ஒரே ஹாலாப் பாப்போம். எல்லாரும் வரிசையாப் படுப்போம். அக்கா நடுவுல."

அவன் அப்படிச் சொன்னதில் ஒரு பொட்டுக் கள்ளம் கிடையாது. அவள் ஒதுக்கப்பட்டதாக நினைக்கிறாள், அதனால்தான் தனி ரூம் கேட்டாள் என்று அவன் நம்பினான். தனியாக இருக்க ஒருத்தி ஆசைப்படுவாள் என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தோன்றாத விஷயம். நாங்கள் பாசம் என்றால் பக்கத்தில் படுப்பது என்று வளர்ந்தவர்கள். அக்கா முதல் ஆளாகப் போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு குற்றாலம் முழுக்க ஹால் தேடினோம். சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமை. கேரளத்து வண்டிகள், மதுரை வண்டிகள், ரோட்டோரத்தில் மங்குஸ்தான் குவியல்கள், எண்ணெய் மின்னுகிற முதுகோடு நடந்துபோகிற ஆம்பளைகள். அண்ணன் ஒவ்வொரு லாட்ஜிலும் இறங்கி, போலீஸ் மிடுக்கோடு "டிபார்ட்மெண்ட்" என்று ஆரம்பிப்பான். இரண்டு நிமிஷத்தில் தலையைத் துவட்டிக்கொண்டே திரும்புவான். ஓர் இடத்தில் பெரிய ஹால் இருந்தது, ஆம்பளைகளுக்கு மட்டும். ஓர் இடத்தில் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு ஹால் என்றார்கள், அங்கே ஒரு குரங்குக் குடும்பம் ஏற்கெனவே தங்கியிருந்தது. அவர்களும் பத்துப் பதினோரு பேர் இருப்பார்கள். இன்னோர் இடத்தில் வராந்தா முழுக்கக் கொடி கட்டிக் காயாத துணிகள் தொங்கின. அந்த ஈரவாடையில் மதினி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

வேனுக்குள் எல்லோரும் தூங்கி வழிந்தோம். சாரல் காலத்துத் தூக்கத்துக்கு ராத்திரி பகல் கிடையாது. ஜன்னல் வழியாக நீர்த்துகள் முகத்தில் வந்து உட்காரும். கண்ணை மூடினால் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. ஒருமுறை நான் விழித்தபோது ஒரு கரும்புச்சாற்றுக் கடை தெரிந்தது. இன்னொரு முறை விழித்தபோதும் அதே கடை. ஒரே ரோட்டில் எத்தனை முறை போனோம் என்று யாருக்குத் தெரியும். எல்லோர் தலையும் எல்லோர் தோளிலும் சாய்ந்து கிடந்தன. அக்கா மட்டும் விழித்திருந்தாள். அவள் மடியில் தங்கை மகன், தோளில் அண்ணனின் சின்னப் பெண். அவள் அசையாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையில் அந்த நேரம் மேகம் தவிர ஒன்றும் இல்லை.

பதினோரு மணிவாக்கில், சரி, முதலில் குளித்துவிட்டுத் தேடுவோம் என்று ஐந்தருவிக்குப் போனோம். அங்கே ஆம்பளைகள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தண்ணீர் தலையில் விழுந்ததும் லாட்ஜ், ஹால், மேனேஜர் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டன. எனக்கு என் பெயர்கூடக் கொஞ்ச நேரம் வேண்டாம் என்று இருந்தது. வெளியே வந்து பல் கிடுகிடுக்கத் தலை துவட்டும்போது என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உங்க அக்கா தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? ஒரு ரூம் சாவிய கையில வச்சுப் பாக்கணும் போல இருந்துச்சுட்டி, அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்லன்னாங்க. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன். தண்ணி சத்தத்துல கேக்கலன்னு நினைச்சிருப்பாங்க."

ஆக, எங்கள் இருவருக்கும் அன்று நன்றாகக் காது கேட்டது. இருவரும் கேட்காதவர்கள்போல் இருந்தோம்.

குளித்து, இட்லி தின்று, மறுபடி வேனில் ஏறியபோது யாரோ அண்ணனுக்குப் போனில் ஒரு வழி சொன்னார்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அதனால் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். சீசனுக்கு வருகிற பெரிய குடும்பங்களுக்கு அவற்றை நாள் கணக்கில் விடுகிறார்கள். ஊரை விட்டுச் சற்று வெளியே, இலஞ்சி போகிற பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில் அப்படி ஒரு மண்டபம். அதைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பேரு?" என்றார்.

"பதினொண்ணு அண்ணாச்சி," என்றேன், அன்று காலையிலிருந்து வந்த பயத்தோடு.

"பதினொண்ணா!" அவர் சிரித்த சிரிப்பில் தென்னை மரத்துக் காக்கா பறந்தது. "முந்நூறு பேரு படுக்கலாம்யா. ஓடி வெளையாடிக்கிட்டே படுங்க."

அண்ணன் ஜெயித்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்தின் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, "எப்படி?" என்றான். மேலே மின்விசிறிகள் வரிசையாகத் தொங்கின. ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேடை காலியாகக் கிடந்தது. அதில் பழைய ஜரிகைத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார்கள். அவர்கள் போட்ட கூச்சல் ஒருமுறை சுற்றிவிட்டு அவர்களிடமே திரும்பி வந்தது.

மேடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கதவுகள். இடப்பக்கக் கதவுக்கு மேல் 'மணமகன் அறை' என்று பலகையில் எழுதியிருந்தது. அதற்குள் பாத்திரங்களைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். வலப்பக்கம் திறந்திருந்தது. 'மணமகள் அறை.' சிவப்புப் பெயிண்டில் பெரிய எழுத்து. உள்ளே ஓர் இரட்டைக் கட்டில், சுவரில் ஆள் உயரக் கண்ணாடி, தோப்பைப் பார்த்த ஜன்னல்.

அந்த எழுத்தை நாங்கள் எல்லோரும் படித்தோம். படித்துவிட்டுப் படிக்காத மாதிரி வேறு பக்கம் திரும்பினோம். மதினிதான் முதலில் சுதாரித்தாள். தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து எக்கி, அந்தப் பலகை மேல் எழுத்து மறைகிற மாதிரி காயப்போட்டாள். "துணி மாத்த ஒரு ரூம் வேணும்லா? பை எல்லாம் இங்கன வைங்க" என்றாள். ஐந்தே நிமிஷத்தில் பதினோரு பேர் பைகளும் ஈரத்துணியும் பழக்கூடையும் கட்டில் மேல் ஏறிவிட்டன. மதினி நல்லதுக்குத்தான் செய்தாள். அக்கா கண்ணில் அது படக்கூடாது என்று நினைத்தாள்.

அக்கா வந்தாள். நிமிர்ந்து துண்டைப் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அந்தத் துண்டை எடுத்தாள்.

"ஏட்டி, எழுத்து மேல ஈரத்தப் போடாத. பெயிண்ட் உரிஞ்சிரும்," என்றாள் மதினியிடம், டீச்சர் குரலில். இறங்கி, கதவின் உள்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு போய் 'டக்' என்று உட்கார்ந்தது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஹாலுக்கு வந்து, பெரியவர் கொண்டுவந்து போட்ட ஜமுக்காளங்களை விரிக்கக் குனிந்தாள். பதினோரு படுக்கை. தன்னுடையதை மறக்காமல் கடைசியில், சுவர் ஓரமாகப் போட்டாள்.

நான் எப்போதும் துணிந்து எதையும் செய்கிறவன் இல்லை. என் மனைவி இதை எழுத்தில் கேட்டாலும் கொடுப்பாள். அன்று ஏனோ அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எனக்குள் போய் எதையோ தட்டிவிட்டது. உள்ளே போய் இரண்டு கையிலும் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் போட்டேன். மறுபடி போனேன். என் மனைவி ஒரு வார்த்தை கேட்காமல் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"என்னலே பண்ணுத?" என்றான் அண்ணன்.

"அக்கா இந்த ரூம்ல படுக்கட்டும்."

"கூட யாரு?"

"யாரும் வேண்டாம்."

"கிறுக்குப் பய. எல்லாரும் ஒண்ணாப் படுக்கணும்னுதானலே காலையிலயிருந்து நாயா அலையுதோம்?"

"நாமதான அலைஞ்சோம். அவ கேட்டது வேற. லாட்ஜுல கேட்டா. உன் காதுலயும் விழுந்துச்சு, என் காதுலயும் விழுந்துச்சு."

ஹால் பெரிதாக இருந்ததால் நான் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். அண்ணன் அக்காவைப் பார்த்தான். இல்லை, நான் உங்களோடவே படுக்கேன் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் அப்படிச் சொல்லக்கூடியவள்தான், ஐம்பத்தெட்டு வருஷமாக அதைத்தான் சொன்னாள். அவள் ஜமுக்காளத்தின் மடிப்பை நீவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"ஒரு பொழுது படுத்துப் பாக்கேன் தம்பி."

மண்டபத்துப் பெரியவர் மடியிலிருந்து சாவியை எடுத்தார். அதில் ஒரு மரக்கட்டை கட்டியிருந்தது, தொலையாமல் இருக்க. "ரூமுக்குத் தனிச் சாவிம்மா. நீங்களே வச்சுக்கோங்க," என்று அவள் கையில் கொடுத்தார். அவருக்கு இதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை. அக்கா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் 'டக்' என்றது. நாங்கள் பத்துப் பேரும் எதற்கோ காத்திருக்கிறவர்கள்போல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குற்றாலத்தில் தூங்காமல் இருக்க முடியாது. அருவியில் அடிபட்ட உடம்பு, வயிறு நிறையச் சோறு, ஜன்னலுக்கு வெளியே தென்னை ஓலைகளில் விழுகிற சாரல். அக்காவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கையைக் கழுவியதும் சாவியோடு உள்ளே போய்விட்டாள். நாங்கள் ஹாலில் வரிசையாகச் சாய்ந்தோம். கண் சொக்கும், விழிக்கும். தூக்கத்தில் மேடையில் யாரோ நிற்பதுபோல் இருந்தது, விழித்தால் யாரும் இல்லை. ஈர மண் வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து வந்தன. எத்தனையோ கல்யாணங்களின் மிச்சம் அந்தச் சுவரில் இருந்திருக்கும். நான் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாமல் தூங்கிக்கொண்டிருப்பதாகக் கனவு கண்டேன். அல்லது அது கனவில்லாமலும் இருக்கலாம்.

அண்ணன் மட்டும் புரண்டுகொண்டே இருந்தான். "மூணு மணி ஆச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "மூணரை ஆச்சுலே." பிறகு, "ஃபேன் ஓடுதா அங்கன?" நாலு மணிக்கு எழுந்து வெறுங்காலோடு அந்தக் கதவருகே போனான். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். கதவைத் தட்டக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. காதைக் கதவில் வைத்தான். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். போலீஸ்காரன் முகத்தில் நான் அப்படி ஒரு திகைப்பைப் பார்த்ததில்லை.

"ஏலே," என்றான் மெதுவாக. "அக்கா குறட்டை விடுதா."

"என்ன?"

"குறட்டைலே. ஒறங்கிக்கிட்டுக் கெடக்கா. அக்கா குறட்டை விடுவாளா?"

அவனுடைய பெரிய பெண் படுத்தபடியே சொன்னாள்: "அத்தை விடவே மாட்டாங்கப்பா. பத்து வருசமா பக்கத்துல படுக்கேன். நான் லேசா இருமினாலே, என்னட்டி, தண்ணி வேணுமான்னு கேப்பாங்க."

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்துபோய் அந்தக் கதவருகே நின்றோம். உண்மைதான். கனமான, நிதானமான குறட்டை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு மனுஷியின் குறட்டை. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன், அழுதாள். அக்கா என்றால் லேசாகத் தூங்குகிறவள் என்று நாங்கள் அவள் சுபாவம் போலச் சொல்லிவந்தோம். அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது நாங்கள்தான்.

ஐந்தரை மணிக்குக் கதவு திறந்தது. முகத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. தலைமுடி கலைந்திருந்தது. அவளை அப்படிக் கலைந்து நான் பார்த்ததேயில்லை.

"இவ்வளவு நேரம் என்னக்கா பண்ணின?" என்றாள் தங்கை.

"ஒண்ணும் பண்ணலட்டி." கொஞ்சம் யோசித்தாள். பிறகு, சின்னப் பிள்ளை திருட்டு மாங்காயைக் காட்டுகிற மாதிரி ஒரு வெட்கத்தோடு சொன்னாள். "கட்டிலுக்கு நடுவுல படுத்தேன்."

அங்கே மூன்று நாள் இருந்தோம். மூன்று நாளும் அந்தச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. அருவிக்குப் போனாலும் பூட்டிவிட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள். கிளம்பும்போது பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் இரண்டு முறை இடுப்பைத் தடவிப் பார்த்தாள். அதை அண்ணனும் பார்த்தான்.

ஊருக்குத் திரும்பிய ஒரு மாதத்தில், இலஞ்சியில் தனியாக வீடு பார்க்கப்போவதாகச் சொன்னாள். அண்ணன் பத்து நாள் அவளோடு பேசவில்லை. அக்காவை அவன் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டான் என்று தென்காசி முழுக்கச் சொல்லும் என்று என்னிடம் போனில் கத்தினான். அந்தக் கத்தலுக்குள் வேறொன்று இருந்தது. அவனுக்கு அவளை விட்டு இருக்கத் தெரியாது. அவள் தானாகப் போய் இரண்டு வீடு கேட்டாள். எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருத்தி என்றதும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். குற்றாலத்து மேனேஜர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

மூன்றாவது வீட்டுக்கு அவளோடு போனது அண்ணன். நான் அந்தச் சமயம் லீவில் வந்திருந்தேன், கூடப் போனேன். வீட்டுக்காரர் கேட்டார், "எத்தன பேரு அண்ணாச்சி?"

அண்ணன் தொண்டையைச் செருமினான். "எங்க அக்காவுக்குத்தான் வீடு. ஒருத்திதான்," என்றான். பிறகு, அவர் வாயைத் திறக்குமுன், "ஒருத்தியாத்தான் இருப்பா. அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு. நான் பொறுப்பு," என்றான். அவன் காக்கிச் சட்டை போடாமல் வந்திருந்தான். ஆனால் அன்றுதான் அவன் குரல் நிஜமாகவே டிபார்ட்மெண்ட் மாதிரி இருந்தது.

இந்த வருஷம் ஆடிக்கு நாங்கள் ரூம் தேடவில்லை. பத்துப் பேரும் இலஞ்சியில் அக்கா வீட்டில் இறங்கினோம். ஒரு ஹால், ஒரு அறை, பின்னால் தென்னை. போன உடனே சட்டம் போட்டாள்: "எல்லாரும் ஹால்ல படுங்க. அந்த ரூம் என் ரூம். பையக்கூட அங்கன வைக்கக் கூடாது." பழைய குற்றாலத்து அருவியில் குளித்து வந்து, அவள் ஓட்டலில் வாங்கி வைத்திருந்த சோற்றை எல்லோரும் சாப்பிட்டோம். நாங்கள் வரிசையாகப் படுத்தோம், முழங்கை முழங்கையில் இடிக்க. அவள் அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் 'டக்' என்றது. அண்ணன் வாங்கிவந்து, தானே திருப்புளி பிடித்து மாட்டிய தாழ்ப்பாள் அது.

வெளியே சாரல் ஆரம்பித்தது. அண்ணன் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"ஒறங்கலியா?" என்றேன்.

"இருலே," என்று உதட்டில் விரலை வைத்தான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து குறட்டை கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் அவன் கண்ணை மூடினான்.